காது

ஏழு பத்து வண்டி இன்று ஏழு இருபத்தைந்துக்கு.
திருத்தணியில் ஏறும்போதே தெரிந்துவிட்டது
பள்ளி திறந்துவிட்டதென்று:
பின்சீட்டு முழுக்க நாங்கள்தான்.
தேவசகாயம் சாரின் பையில் நாலு பெட்டி சாக்பீஸ்.
சுகுணா டீச்சர் மடியில்
ஒன்றாம் வகுப்புக்கென்று தைத்த துணிக் காக்கை,
ஒரு கண் பொத்தான், ஒரு கண் நூல்.

எனக்கு இந்த வழித்தடம் புதிது.
பெயர்கள் தெரிவதற்குள் பாதி வழி போய்விட்டது.
பேச்சும் பெரிதாக ஒன்றுமில்லை.
அகவிலைப்படி. கலந்தாய்வு. யாருக்கோ சர்க்கரை.
இந்த வருஷம் எத்தனை சேர்க்கை என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
அந்தக் கேள்வி மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நின்றபடியே வந்தது.

பொதட்டூர்ப்பேட்டையில் இரண்டு பேர் இறங்க
விசைத்தறிச் சத்தம் ஏறிக்கொண்டது.
அதற்கப்புறம் நிறுத்தத்துக்கு ஒருவராக
தபால் போடுவதுபோல்
ஊர் ஊராகப் போட்டுக்கொண்டே போனது வண்டி.
கடைசித் தபால் நான்.

எல்லையம்மன்பேட்டை. ஈராசிரியர் பள்ளி,
இன்னொருவருக்கு மருத்துவ விடுப்பு.
மாந்தோப்பைத் தாண்டினால் ஆந்திரா.
வாசற்படியில் கால் வைத்ததும் கைப்பேசி
வேறு மாநிலத்துக்கு என்னை வரவேற்றது.
சுவரில் அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவே
தேர்தலுக்கு எழுதிய சாவடி எண்.
புதிதாகச் சேர்ந்தவர்கள் ஐந்து.
மறுபடி எண்ணினேன், ஐந்துதான்.

ஐந்தாவது ஆள்
உப்புமாத் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி
தூணுக்குப் பின்னால் நின்றான்.
பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன்:
"லோகித்."
"காது" என்றான்.
"காது வலிக்குதா கண்ணு?"
"காது."
"எந்தக் காது?"
"காது, காது."
இப்போது அழுகை.

டார்ச் அடித்து இடதைப் பார்த்தேன்,
வலதைப் பார்த்தேன்.
கொஞ்சம் எண்ணெய், ஒரு மச்சம், வேறொன்றுமில்லை.
சமையலம்மாவிடம் வெந்நீர் கேட்டு
துணியை நனைத்துப் பிழிவதுவரை போய்விட்டேன்.

மூன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது.
"டீச்சர், அவன் என் தம்பி. நான் பவிஷ்யா.
தெலுங்குல காதுன்னா 'அது இல்ல'ன்னு.
அவன் பேரு லோகித் இல்ல, லிகித்."

பதினான்கு வருஷ சர்வீஸ்.
செய்யாற்றுப் பக்கம் எத்தனையோ பேருக்கு
கை பிடித்து எழுதவைத்திருக்கிறேன்.
இவன் நாலு தரம் சொல்லியிருக்கிறான்
அது நானில்லை என்று.
நான் வெளிச்சம் போட்டுத் தேடியிருக்கிறேன்.

பென்சிலால் 'லோ'வை அடித்து 'லி' போட்டேன்.
எமிஸ் செயலி ஒத்துக்கொள்ளவில்லை;
அதற்கு அவன் இன்னும் லோகித்தான்.
அவனுக்குப் போதும்போல.
தூணைச் சுற்றிப் பாதி வெளியே வந்தான்,
தட்டைக் கீழே வைத்தான்,
என்னை ஒரு விரலால் காட்டி
என்னவோ கேட்டான்.
பவிஷ்யா மொழிபெயர்க்குமுன் புரிந்துவிட்டது.
"கோமளவல்லி" என்றேன்.
அவனால் முடிந்தது "கோம்லல்லி."
நான் காது என்று சொல்லவில்லை.
அதுவும் நான்தான்.

மாலை வண்டியில் காலியாக ஏறினேன்.
காலையில் இறங்கியவர்கள் ஒவ்வொருவராக,
தலைமுடியில் சாக்பீஸ் தூளோடு,
திரும்ப ஏறிக்கொண்டார்கள்.
துணிக் காக்கையின் பொத்தான் கண்ணைக் காணோம்.
"எவனோ பாக்கெட்ல போட்டுக்கிட்டான்,
நாளைக்கு வந்து தருவான்" என்றார் சுகுணா,
பரிசு வாங்கினவர் மாதிரி.
இப்போது கேள்வி தானாக உட்கார இடம் பிடித்தது.
எனக்கு ஒன்பது. எனக்கு மூணு. எனக்கு அஞ்சு.
யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

தேவசகாயம் சார் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்.
"அந்த ஊரைத் தண்டனை ஊர்னு சொல்லுவாங்க, டீச்சர்."

"காது" என்றேன்.

அவருக்குத் தெலுங்கு தெரியும்.
தறிச் சத்தம் அடங்கும்வரை
சிரித்துக்கொண்டே வந்தார்.